பார்க்காமல் எழுதிய பாதங்கள்

உங்கள் தமிழ் மருத்துவ மாணவர் சங்கத்துக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, தோல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு அஞ்சு குறிப்புச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். ஐந்தென்ன, ஐம்பது குறிப்பு உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கிறது. மச்சத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல இல்லையா, ஓரம் பிசிறியிருக்கிறதா, ஒரே மச்சத்துக்குள் பல நிறங்களா, பென்சிலின் பின்பக்கத்தைவிடப் பெரிதா, மாறிக்கொண்டு வருகிறதா. பரீட்சைக்கு அது போதும், போய்ப் பாடமாக்குங்கள். நான் தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இன்றைக்கும் குழப்பமாக இருக்கிற ஒரு விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றால் வேறு யாரையாவது பிடியுங்கள்.

குழப்பம் என்றால் இந்தத் தொழிலில் அது முதல் நாளே தொடங்கிவிடும். வந்த புதிதில் ஒரு வயோதிபரின் முதுகில் கறுப்பாக, தடிப்பாக, மெழுகை உருக்கி ஒட்டிவிட்டதுபோல ஒன்றைக் கண்டு நெஞ்சு அடித்துக்கொண்டு அவசரம் என்று எழுதினேன். அது வயது போனவர்களில் பாதிப்பேருக்கு வருகிற சும்மா தடிப்பு. பிரிவே சிரித்தது. சரி, இனி இந்த முட்டாள்தனம் வேண்டாம் என்று நினைத்திருக்க, அடுத்த மாதம் அதேபோல ஒன்றைக் கண்டு "சும்மா தடிப்பு" என்றேன். எங்கள் தலைமை மருத்துவர் ஒரு சிடுமூஞ்சி மனுஷன். அவர் "வெட்டிப் பார்" என்று அடம்பிடித்தார். வெட்டினால் மெலனோமா. தோல் புற்றுகளில் ஆளைக் கொல்லுகிற வகை அதுதான். முதல் முறை பயந்தது பிழை, இரண்டாம் முறை பயப்படாதது பிழை. அப்போது தொடங்கிய குழப்பம், பிள்ளைகளே, என்னோடேயே ஓய்வு பெற்றிருக்கிறது.

நான் படித்த புத்தகங்களில் படமெல்லாம் வெள்ளைத் தோல். அங்கே சிவப்பு என்று எழுதியிருப்பது எங்கள் தோலில் ஊதாவாக இருக்கும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. "எங்கடை ஆக்களுக்குத் தோல் கான்சர் வராது" என்று எங்கள் சனமும் நம்புகிறது, டொக்டர்மாரிலும் சிலபேர் நம்புகிறார்கள். குறைவுதான். ஆனால் வரும்போது எங்கள் ஆட்களுக்கு அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில், நிறம் குறைந்த இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழே. யாரும் பார்க்காத இடங்கள். அந்தச் சிடுமூஞ்சி ஒருநாள் என்னிடம், "நோயாளி எதைக் காட்டுகிறாரோ அதைக் கடைசியாகப் பார்" என்றார். அவரை எனக்குப் பிடிக்காது. அதனால் அவர் சொன்னதை மறந்துவிட வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். மறக்க முடியவில்லை, ஆனால் கேட்கவேண்டிய நேரத்தில் கேட்கவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வெள்ளிக்கிழமைகளில் போகிற கோவில், முன்பு தளபாடக் கிடங்காக இருந்த ஒரு மண்டபம். அதன் குருக்கள் ஜேர்மனியில் ஒரு கோவிலில் பல வருடம் பூசை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அறுபதை நெருங்குகிற வயது, கணீரென்ற குரல். அவர் ஒரு பங்குனி மாதம் என் கிளினிக்குக்கு வந்தார். வேட்டி, அதற்கு மேல் தடித்த குளிர் ஜாக்கெட், கீழே சாம்பல் நிறக் கம்பளிச் சொக்ஸ், சப்பாத்து. அந்தக் கோலத்தில் அவரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். நோயாளி வரும்போது நான் எழும்பி நின்றதை அன்றுதான் தாதி முதல் தடவை பார்த்தாள்.

"டொக்டர், இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ. பூணூல் உரசி உரசி ஒரே அரியண்டம்" என்று தோளைக் காட்டினார்.

"எத்தினை நாளா இருக்கு ஐயா?"

"ஜேர்மனியிலை இருக்கேக்கையே வந்தது. இப்ப கொஞ்சம் தடிச்சுப்போச்சு."

எனக்கு அது புதிதே இல்லை. தீர்த்தம் வாங்கும் வரிசையில் நின்று வாராவாரம் பார்த்த தடிப்புத்தான் அது. மேலாடை இல்லாமல் பூசை செய்கிற மனுஷனின் முதுகும் தோளும் ஊருக்கே தெரியும். விளக்கு வைத்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுப் பார்த்தேன். கெட்டது இல்லை. பூணூல் உரசிப் புண்பட்டிருந்தது, அவ்வளவுதான். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மச்சத்தைக் காட்ட வந்தவரானாலும் தலையிலிருந்து கால்வரை முழுத் தோலையும் பார்த்துத்தான் அனுப்பவேண்டும். குடுமியைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு, கை, நகம், முழங்கால்வரை வேட்டியை உயர்த்திக் கால் எல்லாம் பார்த்தேன். அதன்பின் சொக்ஸ்.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்தக் கால்களுக்கு முன்னால்தானே நான் விழுந்து கும்பிடுகிறேன். "சப்பாத்தைக் கழட்டி உள்ளங்காலை எனக்கு நேரே பிடியுங்கோ" என்று எந்த வாயால் சொல்வது? அவருக்குச் சீனி வருத்தம் வேறு இருந்தது; நீரிழிவுக்காரரின் பாதத்தை எப்படியும் பார்க்கவேண்டும். காலைப் பார்க்க எனக்கு ஒன்றுக்கு இரண்டு காரணம் இருந்தது.

"காலிலை ஒண்டும் இல்லைத்தானே ஐயா?" என்று கேட்டேன்.

கேள்வியா அது? பதிலையும் நானே வாயில் ஊட்டிவிட்ட கேள்வி.

"இல்லை இல்லை, கால் நல்லாய்த்தான் இருக்கு" என்றார்.

எங்கள் கணினிப் படிவத்தில் ஒரு வசனம் முன்கூட்டியே இருக்கும்: முழுத் தோலும் பார்க்கப்பட்டது, பாதங்களும் நகங்களும் உட்பட. பார்க்காவிட்டால் அதை அழித்துவிட்டு எழுதவேண்டும். நான் அழிக்கவில்லை. கீழே என் பெயர் விழுந்தது. அவர் போகும்போது எனக்குத் திருநீறு தந்துவிட்டுப் போனார். நானும் சந்தோஷமாகப் பூசிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து நவராத்திரி. குங்கும அர்ச்சனை நடந்து மண்டபத் தரையெல்லாம் சிவப்பு. நான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குருக்கள் சந்நிதிக்கு முன்னால் விழுந்து வணங்கினார். அவருடைய இரண்டு உள்ளங்காலும் எனக்கு நேரே தெரிந்தன. இடது குதிக்காலில் ஒரு கறுப்புத் திட்டு.

கறையாக இருக்கலாம். குங்குமத்தோடு எண்ணெய் சேர்ந்தால் கறுக்கும். விளக்குக் கரி இருக்கிறது, சாம்பிராணிச் சாம்பல் இருக்கிறது. வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்கிறவருக்குக் குதியில் இரத்தம் கண்டிப்போய்க் கறுத்தும் இருக்கலாம். என் காலைத் திருப்பிப் பார்த்தேன், அதுவும் சிவப்பும் கறுப்புமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவின் காலையும் பார்த்தேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. சரிதான், கோவிலுக்கு வந்தும் வேலையை விடாத விசரி என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கிழமை முழுக்க என் புத்தி என்னிடம் இல்லை. கிளினிக்கில் முகத்தில் பரு என்று வந்தவனைக்கூடச் சொக்ஸைக் கழற்றச் சொன்னேன். அவன் பயந்துவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை நேரத்துக்கே போய் அதே தூணடியில் இடம் பிடித்தேன். அம்மனைப் பார்க்கவில்லை, குருக்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்து வணங்கினார். திட்டு அதே இடத்தில் இருந்தது, அதே வடிவத்தில் இருந்தது. கறை என்றால் ஒரு கிழமையில் ஒன்று போயிருக்கும், இல்லாவிட்டால் இடம் மாறியிருக்கும். இதை மட்டும் நீங்கள் ஒரு குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள், நான் தருகிற ஒரேயொரு குறிப்பு.

சரி, தெரிந்துவிட்டது. பிறகு என்ன, போய்ச் சொல்வதுதானே என்பீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் எந்த முறையில் சொல்வது? கோவிலில் நான் டொக்டர் இல்லை. கேட்காதவரின் உடம்பில் நோய் இருக்கிறது என்று வழியில் மறித்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஒன்றுமில்லை என்று முடிந்தால் நவராத்திரி நேரத்தில் ஒரு மனுஷனைக் கலக்கின பாவம். உண்மை என்று முடிந்தால், ஆறு மாதத்துக்கு முன் "பாதங்கள் உட்பட" என்று எழுதிக் கையொப்பம் வைத்தவள் யார்? பயமாக இருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று அப்போதும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகு கோவிலின் பின்பக்கச் சமையலறைக்குப் போனேன். குருக்களும் மனைவியும்தான் இருந்தார்கள். அந்த அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வசனம் "ஐயா, உங்கடை காலைப் பாக்கவேணும்" என்பது. வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"ஐயா, எனக்கொரு நேர்த்திக்கடன். உங்களுக்குப் பாதபூசை செய்யவேணும்."

பச்சைப் பொய். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"எனக்கோ? என்ன டொக்டர் விளையாட்டு இது! பெரியாக்களுக்குச் செய்யிறதை எனக்கேன்?"

"நேர்த்தி எண்டு சொல்லுறா, தடுக்கக்கூடாது" என்றா அந்த அம்மா. "இருங்கோ டொக்டர், நான் செம்பும் தாம்பாளமும் எடுத்துக்கொண்டு வாறன்."

குருக்களைக் கதிரையில் இருத்தினோம். நான் தரையில் உட்கார்ந்து அவருடைய காலைத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். கையால் தேய்த்தேன். மஞ்சள் போனது, குங்குமம் போனது, விளக்குக் கரி போனது. தண்ணீர் கலங்கிச் சிவந்தது. இடது குதிக்காலில் இருந்தது மட்டும் போகவில்லை. இன்னும் ஒருமுறை தேய்த்தேன். ஒரு பத்துப் பென்ஸ் நாணயம் அளவு, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மண்ணிறம், ஓரம் தண்ணீரில் விழுந்த மை பரவியதுபோல.

கைப்பைக்குள் இருந்து விளக்குக் கண்ணாடியை எடுத்தேன்.

குருக்கள் குனிந்து பார்த்தார். "இதென்ன பூசைச் சாமான், டொக்டர்? நான் இதுவரைக்கும் காணேல்லையே."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. நேர்த்தி ஒண்டும் இல்லை."

"அது செம்பு வாங்கேக்கையே தெரியும்" என்றார். "உங்கடை முகம் கும்பிட வந்த முகமாய் இல்லை. பாருங்கோ."

உள்ளங்காலில் கைரேகைபோல மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். நிறம் பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. மேடுகளில் ஓடினால் பயப்படவேண்டும். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மேடுகளில் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மேடுகளில்தான்.

"அது கற்பூரத் தட்டு விழுந்து சுட்ட அடையாளமெல்லோ" என்றா அந்த அம்மா. "ஒண்டரை வருசமாக் கிடக்கு."

"சுட்ட இடம் கொப்புளிச்சதோ அம்மா?"

"கொப்புளிச்சதை நான் காணேல்லை. இவர்தான் சுட்டதாக்கும் எண்டு சொன்னவர்."

ஒன்றரை வருடம். அப்படியென்றால் பங்குனி மாதம் என் கிளினிக்கில் அந்தச் சாம்பல் சொக்ஸுக்குள் அது இருந்திருக்கிறது, ஒரு கை தூரத்தில்.

"பயப்பிட வேணுமோ?" என்று குருக்கள் கேட்டார்.

"எனக்கு வடிவாத் தெரியேல்லை ஐயா. ஆனா வெட்டிப் பாக்கவேணும். கெதியா."

நான் அவரைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்து, திங்கட்கிழமை காலையிலேயே எங்கள் பிரிவில் இன்னொரு டொக்டரிடம் ஒப்படைத்தேன். மெலனோமா என்று முடிவு வந்தது. ஆழம் நடுத்தரம். குதிக்காலில் பெரிதாக வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் இருந்து எடுத்த நிணநீர்க் கட்டியில் புற்று பரவியிருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே வெட்டியிருந்தால் ஆழம் குறைந்திருக்குமா என்று அறுவை செய்தவரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். வேறொருவரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இன்றும் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்தேன். பிரிவுத் தலைவரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள், எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, படிவத்தில் இருந்து அந்த முன்கூட்டிய வசனத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு குருக்களின் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தபடி சோபாவில் இருந்தார். பங்குனி மாதம் நான் பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதியதைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி அழ வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் கட்டுப்போட்ட காலின்மேல் வேட்டியை இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்: "விடுங்கோ டொக்டர். நீங்கள் கேட்டிருந்தாலும் நான் காட்டியிருக்க மாட்டன். கும்பிட வாற ஒரு பொம்பிளைக்கு முன்னாலை உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுறதோ? செத்தாலும் செய்யமாட்டன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அதற்குப் பிறகு வேலைக்குப் போனேன். கேட்டிருந்தாலும் காட்டியிருக்கமாட்டார். ஆகவே கேட்காதது பெரிய பிழை இல்லை. குழப்பம் வரும்போதெல்லாம் மருந்துபோல அதை எடுத்து விழுங்கிக்கொள்வேன்.

குருக்கள் பிழைத்துக்கொண்டார். ஆனால் குதிக்காலை ஊன்றி வெறுங்காலோடு நிற்க அவருக்கு ஏலாமல் போனது. மெத்தை வைத்த சப்பாத்தோடு மூலஸ்தானத்துக்குள் போக முடியுமா? மண்டபத்தின் ஓரத்தில் கதிரை போட்டு இருந்து அர்ச்சனைத் தட்டுகளுக்குப் பெயர் நட்சத்திரம் சொன்னார். உள்ளே வேறு ஐயர் பூசை செய்தார். அந்தக் கணீர்க் குரல் கதிரையில் இருந்து வருவதை வெள்ளிக்கிழமைகளில் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐந்து வருடம் ஓடியது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், அவருடைய கடைசிப் பரிசோதனை நாள். அவரைப் பார்க்கிற டொக்டர் அன்று லீவு. புதிதாக வந்திருந்த பயிற்சி டொக்டர் ஒருத்தி பார்ப்பதாக ஏற்பாடு. இங்கே லண்டனின் சட்டன் பகுதியில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை, இதையும் வாசிப்பாள். மேற்பார்வைக்கு ஒரு மூத்த ஆள் வேண்டும் என்பதால் நான் மூலையில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த குருக்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"ஹலோ ஐயா! ஷூஸ், சொக்ஸ் எல்லாம் கழட்டுங்கோ, ப்ளீஸ்" என்றாள் அவள், கணினியைப் பார்த்தபடியே. கும்பிடவும் இல்லை, எழும்பவும் இல்லை.

அவர் கழற்றினார். கட்டிலில் ஏறி இரண்டு பாதங்களையும் அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஐயா, கான்சருக்கு முதல் யாராவது உங்கட கால் செக் பண்ணினவையா?"

"ஓம் பிள்ளை. சீனி வருத்தமெல்லோ. ஜேர்மனியிலை வருசா வருசம் பாப்பினம். நேர்ஸ் பிள்ளையள் கழட்டச் சொல்லுவினம், கழட்டிக் காட்டுறதுதானே. இஞ்சை வந்தாப்பிறகு ஒருக்காக் கடிதம் வந்தது, வெள்ளிக்கிழமை எண்டபடியாப் போகேல்லை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

ஒருத்தரும் கேட்கவில்லை. மூலையில் என் கதிரை கிறீச்சிட்டது. அப்போதுதான் அவர் தலையைத் திருப்பி என்னைக் கண்டார். முகம் மாறிவிட்டது. பிடிபட்டவரைப்போல முகட்டைப் பார்த்துக்கொண்டார். செத்தாலும் காட்டமாட்டன் என்று அன்று சோபாவில் இருந்து சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? அல்லது தாதிக்குக் காட்டுவது வேறு, கோவிலுக்கு வருகிற எனக்குக் காட்டுவது வேறு என்று உண்மையாகவே நினைத்தாரா? நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் ஒரு பொய்யைச் சொல்லி அவருடைய காலைக் கழுவினேன். அவர் ஒரு பொய்யைச் சொல்லி எனக்கு என்ன செய்தார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தப் பிள்ளை பாதம் இரண்டையும் விரல் இடுக்குவரை வடிவாகப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தாள். குருக்கள் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டபடி இருந்தார். வளைந்து சப்பாத்துப் போட அவருக்குக் கஷ்டம். நான் எழும்பிப் போய் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கையில் சொக்ஸை எடுத்தேன். ஐந்து வருடமாகத் தொண்டைக்குள் கிடந்த வசனம் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஐயா, காலைக் காட்டுங்கோ."

காட்டினார்.